குழுவில் ஏழாவது பெயர்

கிப்தோ,
பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

காய்ச்சல் குறைந்ததா? ஒவிதியோவின் படகில் அரிசியும் உப்புப் பாலாடைக்கட்டியும் அனுப்பியிருக்கிறேன். கட்டி சிறிதாக வந்து சேர்ந்தால் என்னைத் திட்டாதீர்கள். முதலில் அவர் மீசையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

சனிக்கிழமை பயிற்சிக்கு நிர்வாகக் குழுவில் உங்களைத் தவிர எல்லோரும் வந்திருந்தோம். தலைவி இல்லாத கூட்டம் கூட்டமாகவே இல்லை. தலைநகர் பொகோதாவிலிருந்து வந்த பெண்ணுக்கு ஒல்லி உடம்பு, பெரிய குரல். நம்மைப் போன்ற அறக்கட்டளைகளை நடத்துகிறவர்கள் எப்படிப் பத்திரமாகப் பேசிக்கொள்ள வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலையாம். ஆரம்பத்தில் கொட்டாவி வந்தது. கொஞ்ச நேரத்தில் வாய் திறந்தது திறந்தபடியே நின்றுவிட்டது.

நம் போனில் ஒரு புதிய செயலியைப் போட்டுக்கொடுத்தாள். அதற்கு நாங்கள் 'பூட்டு' என்று பெயர் வைத்துவிட்டோம். நான் எழுதுவது என் கைக்குள்ளேயே பூட்டிக்கொள்கிறது. உங்கள் கைக்கு வந்த பிறகுதான் திறக்கிறது. நடுவில் இருக்கும் கோபுரம், கம்பி, எங்கோ கடலுக்கு அப்பால் ஓடுகிற கணினி எதனாலும் அதைப் படிக்க முடியாது.

"அதைச் செஞ்ச மொதலாளி நெனச்சாக்கூடவா?" என்று கேட்டான் வில்பெர்த்தோ.

"அவர் நெனச்சாலும் முடியாது. அவர்கிட்டயே சாவி கெடையாது. தனக்கே சாவி இல்லாதபடிக்குத்தான் அத செஞ்சிருக்காங்க."

வில்பெர்த்தோ வாயை மூடிக்கொண்டான். அவன் வாய் மூடி நான் பார்த்தது அவன் திருமணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, அண்ணி. தான் கட்டிய வீட்டுக்குள் தானே நுழைய முடியாதபடி ஒரு மனிதன் கட்டுகிறான் என்றால், அவனுக்கு எவ்வளவு பெரிய மனசு இருக்க வேண்டும்!

இதில் ஒரு சடங்கும் உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, அவரவர் போனில் வரும் நீளமான எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நடுவில் யாரும் இல்லை என்று அர்த்தம். ஒவிதியோவும் நானும் படித்தபோது மோதிரம் மாற்றிக்கொள்வதுபோல எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவருக்கும்தான். உங்களோடும் அப்படிப் படிக்க வேண்டும். அதற்கு நீங்கள் இங்கே வர வேண்டும்.

இதற்கெல்லாம் காரணம் உங்களுக்குத் தெரியும். நம் தையல்காரி. பெயரை எழுதமாட்டேன். ஆற்றில் தங்கம் அள்ளுகிற எந்திரத் தெப்பக்காரர்களை நீதிபதி முன்னால் கைநீட்டிக் காட்டியவள். அவளும் இரண்டு குழந்தைகளும் இன்னும் உங்கள் பக்கத்தில்தான் ஒளிந்திருக்கிறார்கள். அவர்களை எந்தப் படகில், எந்தத் துறையிலிருந்து ஏற்றுவது என்று நாம் பேசுகிற பேச்சு ஒன்று வெளியே கசிந்தாலும் மூன்று உயிர் போய்விடும்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்காரி நம் பழைய குழுவைத் திறந்து பார்த்தாள். "ஏழு பேர்ல ஒருத்தர் மாசக்கணக்கா ஒண்ணுமே எழுதலையே, யாரு இந்தத் துலியோ?" என்று கேட்டாள்.  கடைசியில் நான்தான் சொன்னேன், என் அண்ணன், போன ஜூனில் ஆற்றோடு போய்விட்டார் என்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ரொம்ப நாள் பணம் போடாத எண்ணக் கம்பெனி வேற ஆளுக்கு வித்துடும். பூட்டு எவ்வளவு பெருசா இருந்தாலும், உள்ள உக்காந்திருக்குற ஆள அது ஒண்ணும் பண்ணாது."

எல்லோரும் புதியதற்கு மாறும்வரை பழைய குழுவை மூட முடியாது. அதில் பெயரை நீக்கும் உரிமை இரண்டே பேருக்குத்தான். ஒருவர் அண்ணன். இன்னொருவர் நீங்கள். அண்ணனின் பெயரை எடுத்துவிடுங்கள் அண்ணி.

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்கள்
நெல்சி


லா பிளாயித்தா,
பிப்ரவரி 16

நெல்சிக்கு,

காய்ச்சல் போய்விட்டது. உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது, அந்தச் சூட்டில் காய்ச்சல் ஓடிவிட்டது. பாலாடைக்கட்டி கையளவு வந்தது. நீ அனுப்பியது எவ்வளவு என்று எழுது, அந்த மீசையிடம் கேட்க வேண்டும்.

நீ எரிக்கச் சொன்ன கடிதத்தை எரிக்கவில்லை. விறகு ஈரம். அதோடு, இப்படி ஒரு கடிதத்தை உன் அண்ணனைப் பற்றி எழுத உனக்குக் கை வந்ததே, அதை இன்னொரு தடவை படித்துப் பார்க்க வேண்டும் என்றும் தோன்றியது.

நான் கட்டிக்கொண்டு வந்தவள். நீ கூடப் பிறந்தவள். "அவர எடுத்துராதீங்க" என்று நீ அழுது நான் "எடுத்தாகணும்" என்று சொல்லியிருந்தால் ஊர் ஒப்புக்கொள்ளும். இங்கே எல்லாம் தலைகீழாக நடக்கிறது. ஒன்பது நாள் சாவுப்பாட்டுப் பாடி முடித்து, அவருக்காக வீட்டில் வைத்த பீடத்தைப் பிரித்தபோது என்ன சொன்னோம்? வருஷம் திரும்பும்வரை ஆன்மா வீட்டைச் சுற்றித்தான் இருக்கும், அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிடுவோம் என்று. ஜூன் இன்னும் வரவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு மேட்டில் ஏறுவது எதற்கு? சிக்னல் அங்கேதான் கிடைக்கிறது, அதற்கு. கூட்டம் தொடங்குமுன் குழுவில் ஒவ்வொரு பெயராக நான் எழுதுவேன். நீங்கள் ஒவ்வொருவரும் 'இருக்கேன்' என்று எழுதுவீர்கள். 'துலியோ' என்று நான் எழுதியதும், நீ, ஒவிதியோ, வில்பெர்த்தோ, டீச்சர்கள் இரண்டு பேர், நான், எல்லோரும் சேர்ந்து 'இருக்கார்' என்று எழுதுவோம். திரையில் வரிசையாக அது ஏறி வருவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கீழே இறங்குவேன். ஒரு வாரத்துக்கு அது போதும் எனக்கு. நம் ஆட்கள் செத்தவரை இப்படித்தான் காலம்காலமாகக் கூப்பிட்டு வருகிறோம். பொகோதாக்காரிக்கு அது தெரியாது. உனக்குமா தெரியாது?

இன்னொன்று. அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த படம், வலையோடு சிரித்துக்கொண்டு நிற்பாரே, அதைக் காணோம். கிறிஸ்துமஸ் முடிந்து கொஞ்ச நாளாகவே காணோம். என் பழைய போன் கெட்டுவிட்டது என்று நினைத்திருந்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது. படத்தை முதலில் அழித்துவிட்டு, பெயரை எடுக்கப் பிறகு அனுமதி கேட்கிறாயா? சாமர்த்தியம்தான்.

உன் எண்ணை என் போனில் தடுத்துவிட்டேன். சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுது. உன் பூட்டும் வேண்டாம், சாவியும் வேண்டாம். அவர் பெயர் இருக்கிற குழுவில்தான் நானும் இருப்பேன்.

ஆர்செலியா


கிப்தோ,
மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் திட்டியதை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு பதில் சொல்கிறேன். இப்போது தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

அந்தப் படத்தை நான் தொடவில்லை. என்னால் தொடவும் முடியாது. ஒருவருடைய படத்தை அவர் மட்டும்தான் மாற்ற முடியும். உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் என் போனைத் திறந்து பார்த்தேன். அதிலும் படம் இல்லை. நான் அவர் பெயரைப் பார்ப்பதைத் தவிர்த்து வந்ததால் கவனிக்காமலே இருந்திருக்கிறேன். அண்ணனின் போன் அவர் சட்டைப் பையோடு ஆற்றுக்கு அடியில் கிடக்கிறது. அப்படியானால் மாற்றியது யார்?

எண்ணை அழைத்தேன். போன வருஷம் நான் எத்தனை முறை அழைத்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாது. அணைந்து கிடக்கிறது என்று அந்தப் பெண் குரல் சொல்லும், நான் வைத்துவிடுவேன். அதைக் கேட்பதற்காகவே அழைப்பேன். இந்தத் தடவை மணி அடித்தது, அண்ணி! அண்ணனின் எண்ணில் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பிறகு பழைய குழுவில் நான் எழுதிய ஒரு செய்தியை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். பயிற்சிக்காரி சொல்லிக்கொடுத்தது அது. யார் யார் பார்த்தார்கள் என்று பட்டியல் வரும். அதில் உங்கள் பெயர் இருந்தது, மற்றவர்கள் பெயர் இருந்தது, 'துலியோ' என்றும் இருந்தது. நம் செய்தியை யாரோ படித்துக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு மாதமாக நாம் ஞாயிறுதோறும் அந்த ஆளுக்குத்தான் 'இருக்கார்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

குழுவில் எச்சரிக்கை போட முடியாது. அது அந்த ஆளுக்கும் போய்ச் சேரும். உங்களை அழைக்கவும் முடியாது, நீங்கள் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். ஒவிதியோவிடம் வாயால் சொல்லிவிட்டேன். வில்பெர்த்தோ ஏதோ ஊர்த் திருவிழாவில் மேளம் அடிக்கப் போயிருக்கிறான், ஆளைக் காணோம். அவனை நினைத்தால்தான் எனக்குப் பயம். ஒரு ரகசியத்தைக் கேட்டால், அதைப் பத்திரமாக வைக்க நாலு பேரைத் துணைக்குக் கூப்பிடுகிறவன் அவன்.

தையல்காரியைப் பற்றி அந்தக் குழுவில் ஒரு வார்த்தையும் வரக் கூடாது. இந்த ஞாயிறு மேட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் பெயரை நீக்கிவிடுங்கள். அது அண்ணன் இல்லை.

நெல்சி

பின்குறிப்பு: எழுதி முடித்து ஒட்டும்போது ஒவிதியோ வந்தார். ஆயுதக்காரர்கள் ஆற்றை மூடிவிட்டார்களாம். மறு உத்தரவு வரும்வரை படகு ஏதும் நகரக் கூடாதாம். இந்தக் கடிதம் இப்போது அவருடைய கொட்டகையில், எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னால் இருக்கிறது. ஊரில் மின்சாரமும் போய்விட்டது. மாதாவே, வில்பெர்த்தோவின் நாக்கைக் கட்டிப் போடு.


லா பிளாயித்தா,
மார்ச் 8, ஞாயிறு மாலை

நெல்சி,

இந்தக் கடிதத்தைத் தையல்காரியின் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ இதைப் படிக்கிறாய் என்றால் அவள் உயிரோடு வந்து சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். நீ படிக்கவே இல்லை என்றால், தப்பாக முடிவெடுத்தவள் நான் ஒருத்திதான். குழுவில் வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

சற்றுமுன் மேட்டிலிருந்து இறங்கினேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஆறு நாளை திறக்கிறது என்று மத்தியானமே பேச்சு வந்துவிட்டது. மேட்டில் ஏறி குழுவைத் திறந்தால் உன்னையும் காணோம், ஒவிதியோவையும் காணோம். கிப்தோவில் மின்சாரம் இல்லை என்று டீச்சர் எழுதியிருந்தாள். நான் பெயர் கூப்பிடத் தொடங்குமுன் வில்பெர்த்தோவின் குரல் பதிவு வந்து விழுந்தது. பின்னால் சேவல் கூவுகிறது, யாரோ மேளத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள், நடுவில் இவன்: "தலைவி, நல்ல சேதி! என் மச்சான் படகு நாளைக்கு விடியக்காலையில வருது. மர ஆலைத் துறையில நிக்கும். தையக்காரியையும் புள்ளைங்களையும் கூட்டிட்டு வந்துருங்க. இத யாருகிட்டயும் சொல்லிராதீங்க!"

யாரிடமும் சொல்லக் கூடாததை அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் சொல்கிறான். நான் சிரித்தேன், நெல்சி. அந்த நேரத்தில் சிரித்தேன்.

பிறகு பெயர் கூப்பிட்டேன். வில்பெர்த்தோ, இருக்கேன். டீச்சர்கள் இருவரும், இருக்கேன். நீயும் ஒவிதியோவும் பதில் இல்லை. கடைசியாக 'துலியோ' என்று எழுதினேன். வழக்கம்போல 'இருக்கார்', 'இருக்கார்' என்று வந்தது. நான் எழுதி முடித்து, போனைப் பையில் வைக்கப் போனேன்.

அப்போது திரைக்கு மேலே ஒரு வரி வந்தது. 'துலியோ எழுதுகிறார்' என்று.

அது வந்தது, நின்றது, மறைந்தது. மறுபடி வந்தது. மேட்டில் நான் ஒருத்திதான் நின்றிருந்தேன். காற்றுகூட இல்லை. மண்டியிட்டது எனக்கு நினைவில்லை, முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துத்தான் பிறகு தெரிந்துகொண்டேன். பயம் என்று அதைச் சொல்ல மாட்டேன். கோயிலில் பாதிரியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது சிறு வயதில் ஒரு நடுக்கம் வருமே, அதுதான் வந்தது.

'இருக்கேன்.'

அவர் பெயருக்குக் கீழே அந்த ஒரு சொல். கையை வைத்துத் திரையைத் தடவினேன். "வந்துட்டியா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லாதே.

மறுபடி எழுதத் தொடங்கியது. துண்டு துண்டாக வந்தது, அவசரத்தில் தப்பும் தவறுமாக. மனசில் அப்படியே பதிந்துவிட்டது, எழுதுகிறேன்:

"பயப்படாதீங்கம்மா. நான் அவரு இல்ல. இது கிறிஸ்துமஸ் முடிஞ்சு சந்தையில வாங்குன சிம். போட்டதும் உங்க பேச்சு எல்லாம் வந்து விழுந்துச்சு. வெளிய போகத் தெரியாம இல்ல. போக மனசு வரல. நான் எந்திரத் தெப்பத்துல சமைக்கிறவ. இங்க என்னைப் பேரு சொல்லிக் கூப்புடுறவங்க யாரும் இல்ல. ஞாயித்துக்கெழம நீங்க எல்லாரும் இருக்காரு இருக்காருன்னு போடுறப்ப, என்னையத்தான் யாரோ தேடுறாங்கன்னு நெனச்சுக்குவேன். மன்னிச்சிருங்க. நாளைக்கு மர ஆலைத் துறைக்குப் போகாதீங்க. ஆறு தெறந்ததும் அந்தப் பொண்ணு அந்த வழியாத்தான் கெளம்புவான்னு இவங்க பேசிக்கிறாங்க. ஆளுங்களுக்கு அந்தத் துறைக்குக் காலைச் சாப்பாடு கட்டச் சொல்லிருக்காங்க. நான்தான் கட்டணும்."

நான் படித்து முடிக்குமுன் ஒவ்வொன்றாக அழிய ஆரம்பித்தது. அவளே அழித்துக்கொண்டு போனாள். கடைசியில் அந்த 'இருக்கேன்' மட்டும் நின்றது. அதை அழிக்கவில்லை.

வில்பெர்த்தோ ஒன்றும் எழுதவில்லை. உலகத்தில் இரண்டாவது தடவையாக வாயை மூடிக்கொண்டான்.

நான் பாறைமேல் உட்கார்ந்து யோசித்தேன். இது பொறியாக இருக்கலாம். வேறு துறைக்கு விரட்டிவிட்டு அங்கே காத்திருக்கலாம். ஆனால் நம்மைப் பிடிக்க நினைக்கிறவன் எதற்கு வாயைத் திறக்கிறான்? சும்மா படித்துக்கொண்டிருந்தாலே போதுமே. துறை தெரிந்துவிட்டது, நேரம் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்ததால் இதில் இழப்பு யாருக்கு வரும்? அவளுக்கு மட்டும்தான். அதை நினைத்ததும் என் சந்தேகம் போய்விட்டது.

வில்பெர்த்தோவின் மச்சான் மர ஆலைத் துறைக்கு வருமுன் எங்கள் ஓடை வாயைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கேயே மறித்துத் திருப்பிவிடப் போகிறேன். தையல்காரியும் குழந்தைகளும் கல்லறைப் பாதையில் இறங்கி வருவார்கள். ஊர்ப் பெண்களிடம் காரணம் சொல்லவில்லை, "மெழுகுவத்தி எடுத்துக்கிட்டு வாங்கடி, பாடணும்" என்று மட்டும் சொன்னேன். சாவுப்பாட்டுப் பாடிக்கொண்டு போகிற கூட்டத்தில் யார் யாரென்று யாரும் எண்ண மாட்டார்கள். ஓடை வாய் வரைக்கும் உன் அண்ணனின் தோணியில்தான் அவர்களை ஏற்றிப் போகப் போகிறேன்.

நெல்சி, படத்தை நீ அழிக்கவில்லை. அது மட்டும் இப்போது எனக்குத் தெரியும்.

ஆர்செலியா


கிப்தோ,
மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

வந்துவிட்டாள். மூன்று பேரும் வந்துவிட்டார்கள். யாருக்கும் தெரியாமல் கதவைத் திறந்ததும் சின்னவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மீன் இருக்கா?" பொரித்துக் கொடுத்தேன். தலையோடு தின்றுவிட்டாள். தையல்காரி மார்புக்குள்ளிருந்து உங்கள் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள், வியர்வையில் நனைந்திருந்தது. நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டுக் கதவைத் தாழிட்டு அழுதேன். இப்போது அவர்கள் இந்த ஊரிலும் இல்லை. எங்கே என்று எனக்கே தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

மர ஆலைத் துறைப் பக்கம் இருக்கும் டீச்சர் வாய்வழியாகச் சொல்லி அனுப்பினாள். அன்று விடியலிலேயே அங்கே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்களாம். வந்த படகையெல்லாம் நிறுத்திப் பார்த்தார்களாம். சுடச்சுட வாழைக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்களாம்.

அந்தப் பொட்டலத்தைக் கட்டிய கையை நினைத்துப் பார்க்கிறேன், அண்ணி. கட்டும்போது அவள் முகம் எப்படி இருந்திருக்கும்? யாரும் உள்ளே வர முடியாத பூட்டைப் பார்த்து அன்றைக்கு வாய்பிளந்தேன். இப்போது வேறொன்றைப் பார்க்கிறேன். பூட்டே இல்லாத வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டு, ஒன்றையும் வெளியே கொண்டுபோகாத ஒருத்தி. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வில்பெர்த்தோ வந்து என் வாசலில் உட்கார்ந்து அழுதான். "என் நாக்க அறுத்துப் போடு நெல்சி" என்றான். "அறுத்தா மேளத்துக்கு ஜதி யாரு சொல்லுறது, போய்ச் சாப்பிடு" என்று அனுப்பினேன்.

மார்ச் இரண்டாம் தேதிக் கடிதமும் இதோடு வருகிறது. பீப்பாய்க்குப் பின்னால் கிடந்து எண்ணெய் வாடை வீசும்.

மறுபடியும் அதே வேண்டுகோளோடுதான் வந்திருக்கிறேன். இந்தத் தடவை காரணம் வேறு. போனமுறை நம்மைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்டேன். இப்போது அவளைக் காப்பாற்றக் கேட்கிறேன். பறவை தப்பிவிட்டது என்றதும் கூண்டுக்குள் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகச் சோதிப்பார்கள். தெப்பத்தில் யாராவது அவள் போனை வாங்கிப் பார்த்தால், நம் குழு அதில் இருந்தால், ஒரே ஒரு புதிய செய்தி வந்து விழுந்தால் போதும். பழையதை அவளே அழித்துவிடுவாள், அழிக்கத் தெரிந்தவள்தான். நாம் செய்ய வேண்டியது அவளை வெளியே விட்டு, குழுவை மூடுவது.

நன்றி என்று எழுதிவிடாதீர்கள், அண்ணி. உங்களுக்குத் தோன்றும் என்று தெரியும். எனக்கும் எத்தனையோ தடவை விரல் அங்கே போய்த் திரும்பிவிட்டது. அந்த ஒரு சொல்லே அவள் கழுத்துக்குக் கத்தி.

உங்கள்
நெல்சி


லா பிளாயித்தா,
மார்ச் 29

என் நெல்சிக்கு,

எடுத்துவிட்டேன்.

இன்று மேட்டில் ஏறியதும் உன் எண்ணைத் தடையிலிருந்து விடுவித்தேன். அதன்பிறகு பெயர் கூப்பிடவில்லை. ஒரு செய்தியும் போடவில்லை. போன வாரம், உன் கடிதம் கைக்கு வருமுன், வழக்கம்போலக் கூப்பிட்டிருந்தேன் அல்லவா, அதை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். எண்ணெய் வாடைக் கடிதத்தில் நீ சொல்லிக்கொடுத்ததுதான். பார்த்தவர்கள் பட்டியல் வந்தது. 'துலியோ' என்று இருந்தது. அவள் இருக்கிறாள், நெல்சி. இருக்கிறாள்!

அவர் பெயரைத் தொட்டேன். 'நீக்கவா?' என்று போன் கேட்டது. அது கேட்கிற கேள்விதான், ஆனால் ஆற்றங்கரையில் அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லையே என்று தோன்றியது. அவரை எடுத்துக்கொள்ளுமுன் ஆறு என்னைக் கேட்கவில்லை. இது கேட்டது. அதற்காகவே கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அவரையும் நினைத்துக்கொண்டேன், முகம் தெரியாத அவளையும் நினைத்துக்கொண்டேன். நன்றி எழுதவில்லை. உன் அண்ணன் உயிரோடு இருந்தபோது எத்தனை கோபத்தை விழுங்கியிருக்கிறேன், தொண்டையில் நிற்காது. இந்த ஒரு நன்றி இன்னும் நிற்கிறது. 'ஆம்' என்று அழுத்தினேன். பெயர் போய்விட்டது. இப்போது அவளை யாரும் எதுவும் கேட்க முடியாது. நம்மிடமும் அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பெயர் தெரியாது, எந்தத் தெப்பம் என்று தெரியாது, ஊர் தெரியாது, வயது தெரியாது. என்னை அடித்துக் கேட்டாலும் என்னிடம் சாவி இல்லை. நீ அந்தப் பூட்டைப் பற்றி எழுதியதை அப்போது ஏளனமாகத்தான் படித்தேன். இன்று மேட்டில் அதுதான் என் கண்ணில் நீர் வரவழைத்தது.

வெள்ளிக்கிழமைப் படகில் வருகிறேன். உன் எதிரில் உட்கார்ந்து அந்த நீள எண்ணைப் படிக்க வேண்டும். கண்ணாடியை எடுத்து வைத்துக்கொள், நீ எட்டையும் மூன்றையும் எப்போதும் குழப்புவாய். பாலாடைக்கட்டியை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், மீசைக்காரனிடம் கொடுத்தனுப்பாதே.

ஜூனில் வருஷம் திரும்புகிறது. குழு முழுவதும் இங்கே வர வேண்டும். போன்களையெல்லாம் ஒரு பானையில் போட்டு மூடிவிட்டு, முற்றத்தில் நின்று நான் வாயால் பெயர் கூப்பிடுவேன். 'துலியோ' என்றதும் எல்லோரும் கடைசியாக ஒரு தடவை 'இருக்கார்' என்று சொல்வோம். பிறகு பாடி அனுப்பிவைப்போம், அவர் போகட்டும்.

அதற்கப்புறம், பெயர் தெரியாத அவளுக்காக, நான் பெயர் எதுவும் சொல்லாமல் ஒரு மூச்சு நேரம் நிற்பேன். டீச்சர்கள் திகைப்பார்கள், வில்பெர்த்தோ ஏதோ கேட்க வாயைத் திறப்பான். அவனுக்கு முன்னால் நீதான் குரல் கொடுக்க வேண்டும், நெல்சி. "இருக்கா"ன்னு சொல்லு. ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்குற மாதிரி சொல்லு.

ஆர்செலியா

மார்ச் எட்டாம் தேதிக் கடிதத்தையும் இதையும் எரித்துவிடு.